பதினெட்டு புள்ளி இரண்டு

"யாருங்க நீங்க? பூட்டை எதுக்கு ஆட்டுறீங்க?"

பாதிப் படியில் நின்றே கத்தினாள் அவள். மழைக்கு ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. கையில் விரிய மறுக்கும் குடை. மேலே, இரண்டாம் மாடியில், சோதனைக்கூடத்துக் கதவின் முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பினான்.

நெடுநெடுவென்று உயரம். தலையிலிருந்து கால்வரை நனைந்த கோழி. வலது இமையின் நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே அந்தக் கண்கள்... திருடனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பூட்டியிருக்கான்னு பார்த்தேங்க."

"இவ்ளோ பெரிய பூட்டு தொங்குது. கண்ணு தெரியாதா?"

"தெரியுது. ஆனா போர்டுல ஒன்பது மணின்னு போட்டிருக்கு. இப்போ ஒன்பதே கால். போர்டை நம்புறதா, பூட்டை நம்புறதான்னு குழப்பம்..."

அவளுக்குச் சுருக்கென்றது. தாமதமாக வந்தவள் அவள்தான். அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா?

"என்ன வேணும்?"

"தண்ணி கொண்டுவந்திருக்கேன்."

"நாங்க தண்ணி கேக்கலையே."

"குடிக்கிற தண்ணி இல்லீங்க. சோதிக்கிற தண்ணி." காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினான். அவன் முழுக்க நனைந்திருந்தான். பெட்டி மட்டும் அவன் கழற்றிப் போர்த்திய மேல்சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நாங்க காய்ச்சி வடிச்ச தண்ணி கொடுக்கிறோம். இந்த வருஷ ஒப்பந்தத்துக்கு உங்க லேப் ரிப்போர்ட் வேணுமாம்."

அவள் அவனைத் தாண்டிச் சாவியை நுழைத்தாள். அந்த நேரம் பார்த்து, இவ்வளவு நேரம் முரண்டு பிடித்த குடை 'படக்'கென்று தானாக விரிந்து, அவன் முகத்தில் மிச்சமிருந்த இடத்தையும் நனைத்தது.

"அய்யோ... சாரி!"

"பரவாயில்லீங்க. அங்க மட்டும்தான் காஞ்சிருந்துச்சு." அவன் சிரித்தான். "என்னைத் திருடன்னு நினைச்சீங்கதானே?"

"இன்னும் நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டாள். கன்னம் ஏன் சுட்டது என்று அவளுக்கே புரியவில்லை.

சந்தேகம் அந்த வீட்டுச் சொத்து. சோதனைக்கூடத்தை நடத்துகிறவள் அவளுடைய அக்கா. வந்த பொருளில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து சொல்வதுதான் அங்கே பிழைப்பு. தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்சாரம் தாராளமாகப் பாயும். சுத்தமான தண்ணீரில் பாயவே யோசிக்கும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி அளப்பார்கள். செம்புத் துண்டை நான்கு முனைகளுக்கு நடுவே பிடித்து அளப்பார்கள். வேறு நிலத்து மண்ணைத் தன் நிலத்து மண் என்று கொண்டுவருகிறவர்களையும், கலப்படச் செம்பைச் சொக்கச் செம்பு என்று சத்தியம் பண்ணுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "வர்றவன் எல்லாம் பொய் சொல்வான்டி. மீட்டர் மட்டும்தான் சொல்லாது."

தங்கை அக்காவுக்கு மேலே ஒரு படி. எதையும் ஒரு தடவை அளந்து நம்பமாட்டாள், 'மறுபடி' என்பாள். வருகிறவர்கள் அவளுக்கு 'மறுபடி மேடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று புதன்கிழமை. முந்தின நாள் ஊறப்போட்ட மண் கலவைகளை முதலில் அளந்து முடித்தாள். பிறகு, மீட்டரிலிருந்து மண் கலவையில் முக்குகிற புரோப் முனையைக் கழற்றிச் சுத்தத் தண்ணீருக்கான புரோப்பை மாட்டினாள். அவனுடைய பாட்டிலின் சீலை உடைத்தாள். இமை நுனியில் நின்ற அந்தத் துளி கடைசியில் விழுந்ததா, இல்லையா... சே, என்ன நினைப்பு இது!

மீட்டர் 18.2 என்றது. இருக்கவேண்டியது ஐந்துக்குள்.

"மறுபடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புரோப்பைக் கழுவி முக்கினாள். மறுபடியும் 18.2.

ஏனோ அவளுக்கு வலித்தது. பார்த்தாயா, அழகாகச் சிரிக்கிறவனை நம்பக்கூடாது என்று அக்கா சொன்னது எவ்வளவு சரி! 'தகுதி இல்லை' என்று எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அறிக்கையை மேசையில் வைத்தான்.

"யாரு சொல்லி மேடம் இப்படி எழுதினீங்க?"

"மீட்டர் சொல்லி எழுதினேன்."

"இந்த ஒப்பந்தத்துக்கு இன்னொரு கம்பெனியும் போட்டி போடுது. அவங்க ஆள் உங்க படியில ஏறினதை எங்க டிரைவர் பார்த்திருக்கார்."

"இந்தப் படியில எல்லாரும்தான் ஏறுவாங்க. பூட்டை ஆட்டுறவங்க உட்பட."

அவன் தாடை இறுகியது. கோபத்திலும் அந்தக் கண்கள்... அவள் பார்வையை அவனுடைய சட்டைப் பொத்தானுக்கு இறக்கிக்கொண்டாள்.

"மேடம், திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில முடிவு பண்றாங்க. இந்த ஒரு தாளால எங்க கொதிகலன் அணைஞ்சிடும். எட்டுப் பேர் வேலை பாக்கிறாங்க. எங்கப்பா மூணு நாளா வாய் திறந்து பேசல. 'கலப்படக்காரன்'னு ஒரு பேர் வந்துட்டா அப்புறம் எவன் நம்மகிட்ட தண்ணி வாங்குவான்னு மட்டும் ஒரு தடவை கேட்டார்." குரலை அடக்கிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். "அதே நாள் காய்ச்சின தண்ணி. சீல் உடையல. என் கண்ணு முன்னால அளங்க. ஒவ்வொண்ணையும் என்ன செய்றீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்ங்க. நான் உங்களை நம்பல."

"நானும்தான் உங்களை நம்பல. வாங்க."

மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். போலீஸ்காரர் இரண்டு பேர் ஒருவரையொருவர் விசாரிப்பதுபோல இருந்தது.

"இது மண்ணு, உப்புத் தண்ணிக்கெல்லாம் உண்டான புரோப். இது சுத்தத் தண்ணிக்கு. இதுக்குள்ள ரெண்டு தகடும் ரொம்ப நெருக்கமா இருக்கும்."

"ஏன் நெருக்கமா?"

"சுத்தத் தண்ணியில கரண்ட் ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும். கிட்ட வெச்சாத்தான் பிடிபடும்."

"கிட்ட வெச்சா ஜாஸ்தியாக் காட்டாதா?"

"காட்டும். பத்து மடங்கு காட்டும். அதனாலதான் புரோப்பை மாத்தினா மீட்டர்ல இந்த நம்பரையும் மாத்தணும். ஒண்ணுன்னு இருக்கிறதை, புள்ளி ஒண்ணுன்னு..."

பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரல் அங்கேயே நின்றது. புதன்கிழமை... இதை... அழுத்தினேனா?

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல."

புரோப்பை முக்கினாள். 1.8.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்போ என்ன சொல்றீங்க?" என்றான் அவன் மெல்ல.

தப்பு நம்முடையதாக இருக்குமோ என்ற பயம் வந்த கையோடு அதை அடுத்தவர் தலையில் கட்டிவிடத் தோன்றுவது மனித சுபாவம். அவளும் அதையே செய்தாள். "பாட்டிலை மாத்திக் கொண்டுவந்திருப்பீங்க. சீல் உங்க சீல்தானே? நீங்களே வெச்சிருக்கலாம்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். நெஞ்சில் அடிபட்டவன் பார்க்கிற பார்வை.

"அன்னைக்குத் திருடன்னு சொன்னப்போ விளையாட்டுன்னு நினைச்சேன்" என்றான். பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அவன் போன கையோடு அவள் பதிவேட்டைப் பிரித்தாள். தினமும் மற்றவர்களின் சுத்தத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் சோதனைக்கூடத்தின் சொந்தச் சுத்தத் தண்ணீரையும் அளந்து எழுதுவது வழக்கம். திங்கள்: 0.9. செவ்வாய்: 0.9. வியாழன்: 0.9. புதன்...

9.1.

அவளுடைய கையெழுத்துதான். ஒன்பது புள்ளி ஒன்று. எழுதியவள் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே அன்றைக்கு அளந்த மற்ற நான்கு தண்ணீர்களும் அப்படியே, ஒன்றுக்குப் பத்தாக உப்பிக் கிடந்தன. பேட்டரிக் கடைக்காரரின் தண்ணீர் எப்போதும் மூன்று காட்டும், அன்று முப்பது. இரண்டாவது தடவை அளந்தது வீண். தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு எத்தனை தடவை பார்த்தால் என்ன?

ஒரு பொய்யும் சொல்லாதவனைப் பொய்யன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டாள்!

அக்கா செம்புத் துண்டு ஒன்றை நான்கு முனைகளுக்கு நடுவே பொருத்திக்கொண்டிருந்தாள். தங்கை சொன்னதைக் கேட்டு, அதை அப்படியே கீழே வைத்தாள்.

"சரி. புது சாம்பிளுக்குப் புது ரிப்போர்ட் கொடு. ஒண்ணு புள்ளி எட்டு. அவனுக்கும் காரியம் ஆச்சு, நமக்கும் மானம் மிச்சம்."

"அப்போ பழைய ரிப்போர்ட்?"

"அது அந்தத் தண்ணிக்கு, இது இந்தத் தண்ணிக்கு."

"அதாவது, கெட்ட தண்ணி கொடுத்தவர் மாட்டிக்கிட்டதும் நல்ல தண்ணி கொடுத்தார்னு எல்லாரும் நினைச்சுக்கட்டும். அப்படித்தானே?"

அக்கா செம்புத் துண்டைத் துணியால் துடைத்தாள். ஏற்கனவே பளபளத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"பழசைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு எழுதித் தரணும்க்கா. தப்பு நம்மளதுன்னு."

"பதினோரு வருஷத்துல ஒரு ரிப்போர்ட்டை நான் திரும்ப வாங்கினது கிடையாது. நாளைக்கே ஊரெல்லாம் 'அந்த லேப்பா, அது தப்பாத்தான் போடும்'னு பேசும்." சட்டென்று நிமிர்ந்தாள். கண்கள் சுருங்கின. "ஆமா, யாருடி அவன்?"

"தண்ணிக்காரர்."

"எந்தத் தண்ணி?"

"அக்கா!"

"மறுபடி மறுபடின்னு என் உசுரை எடுக்கிறவ நீ. ஆறு வருஷமா நம்பரை மாத்த மறக்காதவ. புதன்கிழமை மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?"

"தலைவலி" என்றாள் அவள்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, நம்பவில்லை என்பது நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. "நான் கையெழுத்துப் போடமாட்டேன். உன் இஷ்டத்துக்கு ஆடணும்னா தனியா ஆடு."

திங்கட்கிழமை காலையிலும் விட்டபாடில்லை அந்த மழை. மருத்துவமனையின் ஸ்டோர் அறையில், பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பொறுப்பாளர் அம்மாள். வாழ்க்கையில் எந்தச் சரக்கையும் எண்ணாமல் உள்ளே விட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எதிர் நாற்காலியில் அவன். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவன் மாதிரி.

அவள் உள்ளே நுழைந்ததும் விருட்டென்று எழுந்தான்.

"நீங்க எதுக்கு மேடம் வந்தீங்க? இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது. பதிவேட்டை விரித்து அம்மாளின் முன்னால் வைத்தாள். கடிதத்தையும் வைத்தாள்.

"புதன்கிழமை நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு. புரோப்பை மாத்தினேன், அதோட நம்பரை மாத்தல. அன்னைக்கு அளந்த சுத்தத் தண்ணி எல்லாமே பத்து மடங்கு ஜாஸ்தியா வந்திருக்கு. எங்க சொந்தத் தண்ணி உட்பட. இவங்க தண்ணி ஒண்ணு புள்ளி எட்டு. நல்ல தண்ணி."

அம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பிறகு அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி அவளை.

"கணக்கு சரியாத்தான் வருது. ஆனா ஒரு லேப், தானா நடந்து வந்து, 'நான் கொடுத்தது தப்பு'ன்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல. எத்தனை வருஷமா இந்த வேலை?"

"ஆறு."

"ஆறு வருஷத்துல எத்தனை தடவை நம்பரை மாத்த மறந்திருக்கே?"

"ஒரே தடவை."

"சொல்லி வெச்ச மாதிரி இவரோட தண்ணி வந்த அன்னைக்கு?" அம்மாள் நாற்காலியில் சாய்ந்தாள். "இவர் உனக்கு என்ன உறவு?"

"ஒரு உறவும் இல்ல."

"அப்புறம் ஏன் மறந்தே?"

அவனும் அதைத்தான் கேட்க நினைத்தான் போலும். அவன் பார்வையிலும் அதே சந்தேகம். யார் அனுப்பி வந்தாள், என்ன நாடகம் இது என்று அவன் கண்கள் துருவின. தலைவலி என்று சொல்லலாம். அக்காவிடம் சொன்னதுதானே. ஆனால் நம்பவைக்க வந்த இடத்தில் இன்னொரு பொய்யா? உண்மையைச் சொன்னாலோ... இவனுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மாள் கடிதத்தையே கிழித்துப் போட்டுவிடலாம். மானமும் போகும், அவனுடைய ஒப்பந்தமும் போகும்.

பதிவேட்டின் மேல் விரலை ஊன்றிக்கொண்டாள்.

"அன்னைக்குக் காலையில... வாசல்ல இவர் நின்னுக்கிட்டிருந்தார். நனைஞ்சு போய். அவர் நனைஞ்சாலும் பாட்டில் நனையக்கூடாதுன்னு சட்டையைக் கழட்டிப் போர்த்தியிருந்தார். திருடன்னு திட்டினேன். சிரிச்சார்." நிறுத்தினாள். "அதுக்கப்புறம் நான் மீட்டரைப் பார்க்கல. கண்ணு பார்த்துச்சு, கை எழுதுச்சு. மனசு படிக்கட்டுலயே நின்னுடுச்சு. அதான் காரணம். வேற காரணம் எனக்குத் தெரியல."

அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதை மூடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதை எழுத்துல கொடுப்பியா?"

அவளுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. "கொடுக்கிறேன்" என்று பேனாவை எடுத்தாள்.

"வேணாங்க!" அவன் பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினான். "இதெல்லாம் எழுதாதீங்க. ஒப்பந்தம் போனாப் போகட்டும்."

"கவனக்குறைவுன்னு எழுதினாப் போதும்." குரல் வாசலிலிருந்து வந்தது.

அக்கா! குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. விறுவிறுவென்று வந்தாள், தங்கையின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள், கடிதத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக.

"கவனம் போச்சு. அது எங்க தப்பு, ஒத்துக்கிறோம். எங்க போச்சுங்கிறது எங்க வீட்டு விஷயம்" என்றாள் அம்மாளிடம்.

அம்மாளின் உதட்டோரம் ஒரு கோணல் வந்து போனது. அது சிரிப்பாகவும் இருக்கலாம். "எனக்கு உங்க மூணு பேர் மேலயும் நம்பிக்கை இல்ல. சீல் உடைக்காத பாட்டிலை நானே எடுத்து வேற லேப்ல கொடுக்கிறேன். வியாழக்கிழமை பதில் வரும். அதுவரைக்கும் பழைய ஆர்டர் நிக்காது. போங்க, எனக்கு வேலை இருக்கு."

வெளியே வராந்தாவில் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லக்கா."

"உண்மையா?"

"சத்தியமா இல்லக்கா."

"விசாரிப்பேன்" என்றாள் அக்கா. "ஆட்டோ பிடிக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல வந்து சேரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு நடந்தாள். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

வராந்தாவின் விளிம்பில் மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஓடிவிடலாமா என்றிருந்தது. கால் நகரவில்லை.

"உள்ள சொன்னீங்களே..." அவன் தயங்கினான். "அது என் மேல பாவப்பட்டுச் சொன்னதா? எங்கப்பா கதையைக் கேட்டு மனசு இளகி...?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. "ஏங்க, பொய் சொல்லணும்னா கௌரவமா ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டேனா? கரண்ட் போச்சு, மீட்டர் ரிப்பேர்னு? எங்கக்கா முன்னால, அந்தம்மா முன்னால, இப்படி மானத்தை வாங்கிக்கிற பொய்யை உலகத்துல யாராவது சொல்வாங்களா?"

அவன் அவளையே பார்த்தான். அந்த முகத்தில் நான்கைந்து நாளாக உட்கார்ந்திருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. கடைசியில் சிரித்தே விட்டான்.

"சொல்லமாட்டாங்க" என்றான்.

"திருடன்னு சொன்னதுக்கு... பாட்டிலை மாத்தினீங்கன்னு சொன்னதுக்கு... மன்னிச்சிடுங்க."

"நானும் ஒண்ணு ஒத்துக்கணும்." அவன் குரல் தாழ்ந்தது. "சனிக்கிழமை போன்லயே சண்டை போட்டிருக்கலாம். எங்கப்பா அதைத்தான் சொன்னார். நான்தான் நேர்ல போறேன்னு அடம் பிடிச்சேன். கோபம் நிஜம்தான். ஆனா வர்ற வழியெல்லாம் நீங்க இருப்பீங்களா, இருக்கமாட்டீங்களான்னுதான் இருந்துச்சு. நம்ம பிழைப்பைக் கெடுத்தவளைப் போய் இப்படித் தேடுறோமேன்னு என் மேலயே எனக்கு வெறுப்பா இருந்துச்சு."

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் இப்போது வெகு அருகில் இருந்தன.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான். "நீங்க எதையும் லேசுல நம்பமாட்டீங்கன்னு தெரியும். அதனால அவசரம் இல்ல. வியாழக்கிழமை ரிசல்ட் வரட்டும், உங்கக்கா விசாரிக்கட்டும், அதுக்கப்புறம் நீங்க..."

"நம்புறேன்" என்றாள் அவள்.

அவன் இன்னும் சொல்லி முடித்திருக்கவே இல்லை.